ஒரு படம், ஐந்து அளவு: அளவு மாற்றும் வேலையை பில்டிடம் ஒப்படைப்பது

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு சின்னக் குழுவில் ஆண்ட்ராய்டு செயலியின் லோகோவை மாற்றினோம். ஆரஞ்சு போய்க் கரும்பச்சை வந்தது. வடிவமைப்பாளர் அனுப்பிய புதிய படத்தை எடிட்டரில் திறந்து, ஐந்து அளவுகளில் சேமித்து, ஐந்து ஃபோல்டர்களில் போட்டேன். வெளியிட்டாயிற்று. மூன்றாம் நாள் ஒரு பயனரிடமிருந்து ஸ்க்ரீன்ஷாட் வந்தது. அவர் போனில் ஆரஞ்சு லோகோ அப்படியே இருந்தது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கச் சொன்னோம். அப்போதும் ஆரஞ்சுதான். ஒரு மதியம் முழுக்கத் தேடிய பிறகு தெரிந்தது, ஐந்து ஃபோல்டர்களில் ஒன்றில் பழைய படமே கிடந்தது. எங்களிடம் இருந்த போன்கள் எதுவும் அந்த ஃபோல்டரைத் தொடவில்லை. அவருடைய பழைய போன் அதைத்தான் எடுத்தது.

அதற்குப் பிறகு படங்களின் அளவை நான் கையால் மாற்றுவதில்லை. மூலக்கோப்புகளிலிருந்து செயலியைக் கட்டித் தரும் தானியங்கி வேலையான பில்டே அதைச் செய்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவருக்கு எங்கே கால் இடறும் என்பதைச் சொல்கிறேன். நிரல் எழுதக் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

ஒரே படம் ஏன் ஐந்து அளவில் வேண்டும் என்பதில் தொடங்கலாம். போன் திரைகள் எல்லாம் ஒரே நெருக்கம் கொண்டவை அல்ல. ஒரு அங்குலத்துக்குள் 160 பிக்சல் இருக்கும் திரையும் உண்டு, 640 பிக்சல் இருக்கும் திரையும் உண்டு. ஆண்ட்ராய்டில் 160-ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டு டிபி என்ற அளவுகோலை வகுத்திருக்கிறார்கள். 160 நெருக்கமுள்ள திரையில் ஒரு டிபி என்றால் ஒரு பிக்சல். முகப்புத் திரை ஐகானின் அளவு 48 டிபி, அதாவது சுமார் ஏழரை மில்லிமீட்டர். எந்த போனாக இருந்தாலும் கண்ணுக்கு அது ஏறக்குறைய அதே ஏழரை மில்லிமீட்டராகத் தெரிய வேண்டும். எனவே அடிப்படைத் திரைக்கு 48 பிக்சல், ஒன்றரை மடங்கு நெருக்கத்துக்கு 72, இரண்டு மடங்குக்கு 96, மூன்று மடங்குக்கு 144, நான்கு மடங்குக்கு 192. எம்டிபிஐ, எச்டிபிஐ, எக்ஸ்எச்டிபிஐ என்று பெயர் நீண்டுகொண்டே போகும் அந்த ஐந்து ஃபோல்டர்கள் இவைதான். பிளே ஸ்டோரில் வைக்க 512 பிக்சலில் இன்னொன்று. ஐபோனிலும் இதே கதைதான்: 2010-இல் ஐபோன் 4 ரெட்டினா திரையோடு வந்தபோது எல்லாப் படத்துக்கும் இரண்டு மடங்குப் பிரதி தேவைப்பட்டது, 2014-இல் ஐபோன் 6 பிளஸ் வந்ததும் மூன்று மடங்கும் சேர்ந்துகொண்டது.

ஒரு ஐகானுக்கு ஐந்து கோப்பு. செயலிக்குள் நாற்பது படம் இருந்தால் இருநூறு கோப்பு. லோகோ ஒரு முறை மாறினால் சமாளித்துவிடலாம். வடிவமைப்பாளர் வாரம் ஒரு முறை "அந்த நீலத்தைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறேன்" என்று அனுப்பும்போதுதான் கை தளரும். கை தளர்ந்தால் ஏதாவது ஒரு ஃபோல்டர் விட்டுப்போகும்.

ஊரில் ஃபிலிம் காலத்து ஸ்டூடியோ எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். படம் எடுத்துக் கழுவியதும் நெகட்டிவை ஒரு கவரில் போட்டு, மேலே ஒரு எண் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்துப் போய் அந்த நெகட்டிவ் எண்ணைச் சொன்னால், பாஸ்போர்ட் சைஸில் எட்டு, ஸ்டாம்ப் சைஸில் பத்து, சுவரில் மாட்டப் பெரிதாக ஒன்று என்று எதைக் கேட்டாலும் அந்த நெகட்டிவிலிருந்தே போட்டுத் தருவார்கள். ஸ்டாம்ப் சைஸ் பிரிண்டை வைத்துக்கொண்டு அதிலிருந்து பெரிய படம் போட நினைக்க மாட்டார்கள். பிரிண்ட் கிழிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் போனால் போனதுதான்.

நமக்கும் வேண்டியது அந்தப் பிரிவினைதான். மனிதர் கை வைக்கும் மூலப்படம் ஒன்றே ஒன்று, அது நெகட்டிவ். மற்ற அளவுகள் எல்லாம் பிரிண்ட். பிரிண்டை யாரும் கையால் திருத்தக்கூடாது. வேண்டாம் என்றால் மொத்தமாக அழித்துவிடலாம், மறுபடி வேண்டும் என்றால் ஒரு கட்டளையில் வந்து நிற்க வேண்டும். மூலநிரலைக் கம்பைலர் இயங்குநிரலாக மாற்றித் தருவதை நாம் ஏற்கெனவே இப்படித்தான் நடத்துகிறோம். இயங்குநிரலைத் திறந்து உள்ளே யாரும் திருத்துவதில்லை. மூலத்தைத் திருத்திவிட்டு பில்டை ஓட்டுகிறோம். படத்துக்கும் அதே மரியாதையைக் கொடுத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதற்கான கருவி புதியதும் இல்லை. பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் எழுதிய மேக் என்ற நிரல் இன்றும் எல்லா லினக்ஸிலும் ஓடுகிறது. தத்துவத்தைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான கருவியை நான் பார்த்ததில்லை. மேக்குக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கோப்பு மேக்ஃபைல். அதில் உள்ள ஒவ்வொரு விதியிலும் மூன்று பகுதி உண்டு: என்ன வேண்டும், அதற்கு எது தேவை, எப்படிச் செய்வது. நம் ஐகானுக்கான விதியை வாயால் சொன்னால் இவ்வளவுதான்:

"லோகோ-72 என்ற படம் வேண்டும். அதற்கு மூலலோகோ என்ற கோப்பு தேவை. செய்முறை: மூலலோகோவை 72 பிக்சல் அகலத்தில் வரைந்து, லோகோ-72 என்ற பெயரில் எழுது."

இப்போது டெர்மினலில் மேக் என்று அடித்தால் என்ன நடக்கிறது என்று நெருங்கிப் பார்க்கலாம். மேக் முதலில் லோகோ-72 இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் செய்முறையை ஓட்டும். இருந்தால் இரண்டு கோப்புகளும் கடைசியாக மாறிய நேரத்தை எடுத்து ஒப்பிடும். மூலலோகோ காலை 10:15-க்கு மாறியிருக்கிறது, லோகோ-72 நேற்று மாலையே எழுதப்பட்டிருக்கிறது என்றால் பிரிண்ட் பழையது, மறுபடி போடு. லோகோ-72 இன்று 10:20-க்கு எழுதப்பட்டிருந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அடுத்ததைப் பார். அவ்வளவுதான் அதன் அறிவு. ஆனால் அந்த அறிவு போதும். இருநூறு படங்களில் ஒரே ஒரு மூலம் மாறினால் அதன் ஐந்து பிரிண்ட் மட்டும் புதிதாகும். மற்ற 195 படங்களைத் தொடாது. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி விதி எழுதவும் வேண்டாம். பெயரில் மாறும் பகுதிக்குச் சதவீதக் குறி போட்டு ஒரே விதியில் எல்லாப் படங்களையும் அடக்கலாம். கணினியில் நான்கு கோர் இருந்தால் ஒரே நேரத்தில் நான்கு படங்களைச் செய்யச் சொல்லவும் முடியும்.

மேக்கில் புதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். செய்முறை வரி டேப் எழுத்தில் தொடங்க வேண்டும், எட்டு ஸ்பேஸ் போட்டால் ஏற்காது. படத்தின் பெயருக்குள் இடைவெளி இருந்தால் மேக் அதை இரண்டு கோப்பாக நினைத்துக்கொள்ளும். வடிவமைப்பாளரிடமிருந்து வரும் கோப்புகளின் பெயர்களில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேக்தான் வேண்டும் என்று இல்லை. ஆண்ட்ராய்டில் கிரேடில் என்ற பில்ட் கருவி இருக்கிறது. ஒரு வேலைக்கு உள்ளே போவது இவை, வெளியே வருவது இவை என்று அறிவித்துவிட்டால், கிரேடில் நேரத்தை நம்பாமல் கோப்பின் உள்ளடக்கத்தையே கைரேகை எடுத்து வைத்துக்கொண்டு மாறியதா என்று பார்க்கும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் பக்கம் இருப்பவர்கள் கல்ப், வெப்பேக் என்று போவார்கள். பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: எதிலிருந்து எது பிறக்கிறது?

மேக் படத்தைத் தொடாது, ஆள் ஏவும் மேஸ்திரி வேலை மட்டும்தான் அதற்கு. வெட்டிச் சுருக்கும் கை வேறு. மூலம் எஸ்விஜி போன்ற, பிக்சலாக இல்லாமல் கோடுகளின் விவரமாகச் சேமித்த கோட்டுருவப் படமாக இருந்தால் இங்க்ஸ்கேப் என்ற வரைகருவியைத் திரையில் திறக்காமலே டெர்மினலிலிருந்து ஏவி, இந்த அகலத்தில் பிஎன்ஜியாகக் கொடு என்று கேட்கலாம். லோகோ, ஐகான் எல்லாவற்றுக்கும் முடிந்தவரை எஸ்விஜியை மூலமாக வாங்கிக்கொள்ளுங்கள். எந்த அளவுக்குப் போனாலும் கோடு மங்காது. புகைப்படம் என்றால் இமேஜ்மேஜிக் என்ற கருவி. 1987-இல் ஜான் கிறிஸ்டி டூபான்ட் நிறுவனத்தில் இருந்தபோது தொடங்கியது, இன்றும் எந்த சர்வரிலும் நிறுவ எளிது. படங்கள் ஆயிரக்கணக்கில் போகும்போது வேகம் கேட்டால், லிப்விப்ஸ் என்ற படநூலகத்தை உள்ளே வைத்து நோட் நிரலர்களுக்காக எழுதப்பட்ட ஷார்ப் என்ற நூலகத்தைப் பாருங்கள். லிப்விப்ஸ் படத்தை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல் துண்டு துண்டாக ஓடவிட்டு வேலை முடிக்கும். 4000-க்கு 3000 பிக்சல் உள்ள சாதாரண போன் படம் டிஸ்க்கில் மூன்று நான்கு எம்பியாக இருக்கலாம். விரித்து வைத்தால் பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் 48 எம்பி. ஒரே நேரத்தில் இருபது படம் விரித்தால் ஒரு ஜிபியை நெருங்கிவிடும். பில்ட் ஓடும் சின்ன சர்வர் திணறி நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இமேஜ்மேஜிக்கில் மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை உண்டு. வெளியே எழுதும் இடத்தைத் தனியாகச் சொல்லாவிட்டால் அது மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும். நெகட்டிவையே ஸ்டாம்ப் சைஸாக வெட்டிவிட்ட மாதிரி. வலையில் கிடைக்கும் பல குறிப்புகளில் அந்தக் கட்டளைதான் முதலில் கண்ணில் படும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூலப்படங்கள் ஒரு ஃபோல்டரிலும் பிறந்த படங்கள் முற்றிலும் வேறு ஃபோல்டரிலும் இருக்கட்டும். பில்டுக்கு மூல ஃபோல்டரில் எழுதும் உரிமையே இல்லாமல் செய்துவிட்டால் இன்னும் நிம்மதி.

புகைப்படத்தைச் சுருக்கும்போது வேலைகளின் வரிசை முக்கியம். போனை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுக்கிறோம். பல போன்கள் பிக்சல்களைப் படுக்கையாகவே சேமித்துவிட்டு, காட்டும்போது இதை 90 டிகிரி திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை, கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் என்ற குறிப்புப் பகுதியில் எழுதி வைக்கும். கோப்பைச் சிறிதாக்கும் ஆசையில் அந்த எக்ஸிஃபை முதலில் நீக்கினால், நிமிர்ந்து நின்ற ஆள் படுத்துவிடுவார். ஆகவே முதலில் குறிப்புப்படி படத்தை உண்மையாகவே திருப்பச் சொல்ல வேண்டும். பிறகு அளவு. பிறகு நிறம்: ஐபோன் போன்றவற்றில் எடுத்த படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் இருக்கும். படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளிக்கு மாற்றாமல், அதைச் சொல்லும் நிறக்குறிப்பை மட்டும் நீக்கினால் சிவப்பும் பச்சையும் சோர்ந்து தெரியும். இவை முடிந்த பின்தான் மிச்சக் குறிப்புகளை உரிக்க வேண்டும். உரிப்பதைத் தவிர்க்காதீர்கள். படம் எடுத்த வீட்டின் ஜிபிஎஸ் இடம்கூட அந்த எக்ஸிஃபில் இருக்கலாம், அது ஊர் முழுக்கப் போக வேண்டியதில்லை.

இன்னொன்று. 800 பிக்சல் அகலம் என்று சொல்லும்போது, பெரியதாக இருந்தால் மட்டும் சுருக்கு என்ற நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இமேஜ்மேஜிக்கில் அளவுக்குப் பின்னால் ஒரு 'விடப் பெரியது' குறி போட்டால் போதும். இல்லாவிட்டால் 300 பிக்சல் படத்தையும் 800-க்கு இழுத்து ஊதிவிடும். இல்லாத விவரத்தை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது, கோப்புதான் கனக்கும். அதேபோல ஜேபெக்கைச் சுருக்கி, சுருக்கியதிலிருந்து இன்னொன்று சுருக்கி என்று சங்கிலியாகப் போகாதீர்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் போகும். எல்லா அளவும் நேராக மூலத்திலிருந்தே வரட்டும்.

அடிப்படை இவ்வளவுதான். இதை அமைத்த பிறகு ஒரு மாதம் எல்லாம் சரியாக ஓடும். அதன்பின் வரும் சிக்கல்கள் கொஞ்சம் நுணுக்கமானவை.

ஒரு நாள் ஐகானின் ஓரத்தில் 4 பிக்சல் வெற்றிடம் விட முடிவு செய்கிறீர்கள். செய்முறையை மாற்றி மேக் என்று அடிக்கிறீர்கள். ஒன்றும் நடக்காது. மூலப்படம் மாறவில்லையே, மேக் ஏன் அசைய வேண்டும்? பிரிண்ட் எதைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலில் மூலப்படத்தோடு செய்முறைக் கோப்பையும் சேர்க்க வேண்டும். அளவுகளின் பட்டியல் தனிக் கோப்பில் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஸ்டூடியோவில் பேப்பரை மாற்றினால் பிரிண்டும் மாறத்தானே செய்யும்.

இன்னொரு நாள் படம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பில்ட் நடுவில் செத்துவிடுகிறது. பாதி எழுதிய கோப்பு ஒன்று கிடக்கிறது. அதன் நேரம் மூலத்தைவிடப் புதியது. அடுத்த முறை மேக் அதைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று தாண்டிப் போய்விடும். கீழ்ப்பாதி சாம்பல் நிறமான படம் செயலிக்குள் போய்ச் சேரும். செய்முறை தோற்றால் அது தொட்ட கோப்பை அழித்துவிடு என்று லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ மேக்கில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அல்லது தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்ததும் உண்மைப் பெயருக்கு மாற்றலாம். இரண்டாவது எனக்குப் பிடித்தது, எந்தக் கருவியிலும் செல்லும்.

மூன்றாவது சிக்கல், கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியோடு வருவது. கிட் கோப்பின் உள்ளடக்கத்தைத்தான் காக்கும், அது மாறிய நேரத்தைக் காக்காது. புதிய கணினியில் குளோன் செய்தால், அதாவது முழுதாக நகலெடுத்தால், எல்லாக் கோப்புக்கும் குளோன் செய்த நேரமே விழும். பிரிண்ட்களையும் கிட்டில் வைத்திருந்தால் எது முந்தியது எது பிந்தியது என்று நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற, பில்டை நமக்காக ஓட்டித் தரும் இடங்களில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குளோன் செய்வதால் இது அடிக்கடி தலைகாட்டும். என் வழக்கம், பிரிண்ட்களை கிட்டில் சேர்ப்பதே இல்லை, மூலம் மட்டும்தான். பைனரிக் கோப்பு மாறும் ஒவ்வொரு முறையும் கிட் வரலாற்றில் ஒரு பிரதி சேர்ந்துகொண்டே போகும். நாற்பது மூலங்களின் வரலாறு தாங்கும், இருநூறு பிரிண்ட்களின் வரலாறு வீண் சுமை. இதற்கு மாறாக, இங்க்ஸ்கேப் எல்லோர் கணினியிலும் இருக்காதே என்று பிரிண்ட்களையும் சேர்ப்பவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. அப்படிச் செய்வதானால் இமேஜ்மேஜிக் பிஎன்ஜிக்குள் தேதியை எழுதி வைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். படம் ஒரு பிக்சல்கூட மாறாதபோதும் தேதி மாறியதால் கோப்பு மாறியதாக கிட் காட்டும். அந்தத் தேதிப் பகுதியை நீக்கச் சொன்னால் ஓயும். கருவியின் பதிப்பையும் எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும், கருவிகளை ஒரே பொட்டலமாகக் கட்டித் தரும் டாக்கர் இதற்கு உதவும்.

வலைத்தளத்துக்கும் இதே அமைப்பு பொருந்தும். ஒரு படத்தை 400, 800, 1600 என்று மூன்று அகலத்தில் பில்ட் செய்துவிட்டு, எச்டிஎம்எல்லில் சோர்ஸ்செட் பண்பில் மூன்றையும் எழுதிவிட்டால் பிரவுசரே திரைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றையும் வலைக்கான வெப்பி (WebP) என்ற பட வடிவத்திலும் போடலாம். ஆனால் பயனர்கள் ஏற்றும் படங்களுக்கு இது ஆகாது. பில்ட் ஓடும்போது கையில் இருக்கும் படங்களுக்கு மட்டும்தான் பில்ட். பயனர் நாளை ஏற்றப்போகும் படத்தை சர்வர் அப்போதே சுருக்க வேண்டும், அது தனி ஏற்பாடு.

சில இடங்களில் இந்த வேலையே தேவைப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் கோட்டுருவப் படத்தை போனே நேராக வரையும், செயலிக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஐகான்களுக்கு அதுவே போதும். அதற்கு முந்தைய பதிப்புகளையும் ஆதரித்தால் கிரேடில் செருகுநிரலே பில்டின்போது அந்தக் கோட்டுருவத்திலிருந்து பிஎன்ஜிகளைப் போட்டுவிடும். நாம் இவ்வளவு நேரம் பேசியதை அது உள்ளுக்குள் செய்கிறது. ஆப்பிளின் செயலி எழுதும் கருவியான எக்ஸ்கோடின் 14-ஆம் பதிப்பிலிருந்து ஐபோன் செயலிக்கும் 1024 பிக்சலில் ஒரே ஐகான் கொடுத்தால் போதும்.

இயந்திரத்தால் முடியாத ஒன்று உண்டு. எங்கள் லோகோவில் இலையின் நரம்புகள் மெல்லிய கோடுகளாக இருந்தன. 192 பிக்சலில் அழகு. 48-க்குச் சுருங்கியபோது நரம்புகள் ஒன்றோடொன்று கலந்து, இலையின் நடுவில் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிட்டது. சுருக்கும் கணக்கை முடிவு செய்யும் வடிகட்டிகளில் எதை மாற்றிப் பார்த்தாலும் தீரவில்லை. ஒரு கோட்டுக்கு ஒரு பிக்சல்கூட இடம் இல்லாதபோது அது எங்கே போகும்? வடிவமைப்பாளர் நரம்புகளை எடுத்துவிட்டு நடுநரம்பை மட்டும் தடிமனாக்கி இன்னொரு எஸ்விஜி வரைந்து கொடுத்தார். அதையும் மூல ஃபோல்டரிலேயே வைத்து, 48-க்கும் 72-க்கும் இதிலிருந்து எடு என்று மேக்ஃபைலில் எழுதினேன். நெகட்டிவ் இரண்டானது, பிரிண்டைக் கையால் தொடாத விதி அப்படியே நின்றது.

ஒரு மூலப்படத்தை நீக்கினால் அதன் ஐந்து பிரிண்ட்களும் ஃபோல்டரில் அநாதையாகக் கிடக்கும், மேக் அவற்றைத் தேடிப் போய் அழிக்காது. இதற்காகவே அன்றாட வேலைக்கு மாறியதை மட்டும் செய்யும் வேகமான பில்டையும், வெளியீட்டுக்கு வேறொரு பில்டையும் வைத்திருக்கிறேன். வெளியீட்டு பில்ட் பிரிண்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுத்தான் தொடங்கும். பிறகு ஒவ்வொரு மூலத்துக்கும் ஐந்து பிரிண்ட் வந்ததா, ஒவ்வொன்றின் அகலமும் சொன்ன அளவா என்று இமேஜ்மேஜிக்கை விட்டே அளந்து பார்க்கும். ஒன்று குறைந்தாலும் பில்ட் அங்கேயே நிற்கும். எங்கள் செயலிக்கு இது முழுதாக ஓட ஒன்றரை நிமிடம் ஆகிறது. காலி ஃபோல்டரில் தொடங்குவதால் அந்தப் பழைய ஆரஞ்சு லோகோ ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.